களிமண்ணுக்குக் கரண்ட் குடுத்தால் என்ன நடக்கும்?



இந்தக் கிழமை எபிசோட்டில் யேர்ட்ரும் மண்சரிவைப் பற்றிக் கதைச்சம். 2020 டிசம்பர் 30, விடியப்புறம் 4 மணி போல, ஒஸ்லோவுக்கு வடகிழக்கே ஆஸ்க் என்ற ஊரில் நிலம் கூழாகி ஓடினது. நித்திரையில் இருந்த சனத்தின் வீடுகள் அதோட போயிட்டுது. பத்துப் பேர் செத்தார்கள். எபிசோட் வந்த பிறகு உங்களில் ஒராள் கேட்ட கேள்வி: "களிமண்ணுக்குள்ள தண்ணி கூட இருக்கிறதுதான் பிரச்சினை என்றால், பம்ப் போட்டு இறைச்சு விட ஏலாதா?"

நல்ல கேள்வி. பதில் "ஏலாது". ஆனால் அந்த "ஏலாது"க்குப் பின்னால ஒரு வடிவான பௌதிகம் இருக்கு. பம்புக்கு வராத தண்ணி, மின்சாரத்துக்கு வரும். இதுக்குப் பெயர் எலெக்ட்ரோ-ஒஸ்மோசிஸ். எபிசோட்டில் இரண்டு நிமிசத்தில் தாண்டிப் போனதை இங்க ஆறுதலா எழுதுறன். நான் மென்பொருள் ஆள், மண் பொறியியலாளர் இல்லை. ஒரு கொன்ராக்டில் நிலத்தடி அழுத்தம் அளக்கிற சென்சார்களின் தரவை ஒழுங்குபடுத்திக் குடுக்கிற வேலை செய்தபோதுதான் இந்த உலகத்துக்குள்ள எட்டிப் பார்த்தன்.

முதல் பம்பை எடுப்பம். சோறு வடிக்கிறது சுலபம், பானையைச் சரிச்சால் கஞ்சி வந்திடும். அரைச்ச உழுந்தை அதே மாதிரி வடிச்சுப் பாருங்கோ. தண்ணி உள்ளுக்குத்தான் இருக்கு, ஆனால் வராது. துணிக்கைகள் சின்னன் ஆக ஆக, இடையில் இருக்கிற வழிகளும் சின்னன் ஆகும். ஒரு வழியின் அகலம் பத்தில் ஒரு பங்காகக் குறைஞ்சால், அதுக்குள்ளால தண்ணி போகிற வேகம் நூறில் ஒரு பங்காகக் குறையும். மணலோட ஒப்பிட்டால் களிமண்ணின் வழிகள் பத்து மடங்கில்லை, ஆயிரக்கணக்கான மடங்கு சின்னன். அதனால மென்களிமண்ணில் தண்ணி நகர்கிற வேகம், சாதாரண நீர்மட்டச் சாய்வில், விநாடிக்கு ஒரு நானோமீட்டர் அளவில் இருக்கும். வருசத்துக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 3 சென்ரிமீட்டர். எவ்வளவு பெரிய பம்ப் வாங்கினாலும் கிணத்துக்குள்ள தண்ணி வந்து சேர்ந்தால்தானே இறைக்கலாம்.

இப்ப மின்சாரம். களிமண் துணிக்கை ஒரு சின்னத் தகடு மாதிரி. அதின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கும். பக்கத்தில் இருக்கிற தண்ணியில் கரைஞ்சிருக்கிற சோடியம், கல்சியம் போன்ற நேர் அயன்கள் அந்த மேற்பரப்பை மொய்ச்சுக்கொண்டு நிற்கும். மண்ணுக்குள்ள இரண்டு கம்பிகளை இறக்கி, நேர்மின்னோட்டத்தைக் குடுத்தால், துணிக்கை அசையாது. அது மண்ணின் எலும்புக்கூடு. ஆனால் மொய்ச்சு நிற்கிற அயன்கள் எதிர்முனையைப் பார்த்து நகரத் தொடங்கும். அயன் தனிய நடக்காது, தன்னோட ஒட்டியிருக்கிற தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதில் முக்கியமான இடம் இதுதான்: பம்ப் தண்ணியை ஒரு முனையில் இருந்து இழுக்குது, சுவர் பிடிச்சு வைக்குது. இங்க சுவருக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணிதான் முதல் நகருது, நடுவில் இருக்கிறது அதோட சேர்ந்து முழுசா வழுக்கிக்கொண்டு போகுது. எந்தச் சுவர் முதல் தடையாக இருந்ததோ அதுவே இப்ப கொன்வேயர் பெல்ற் ஆகிட்டுது. அதனால வழி எவ்வளவு ஒடுக்கம் என்கிறது பெரிசா முக்கியமில்லை. மணலோ, வண்டலோ, களிமண்ணோ, ஒரு மீட்டருக்கு இவ்வளவு வோல்ட் என்று குடுத்தால் தண்ணி நகர்கிற வேகம் கிட்டத்தட்ட ஒரே அளவு வரிசையில்தான் வரும். மீட்டருக்கு 50 வோல்ட் என்று வையுங்கோ. வழக்கமான களிமண்ணில் விநாடிக்கு சுமார் 250 நானோமீட்டர் கிடைக்கும். அதாவது நாளைக்கு 2 சென்ரிமீட்டர். முதல் வருசத்துக்கு 3 என்றம், ஞாபகம் இருக்கா?

இதிலேயே இன்னொன்றும் விளங்கும். மணலில் இதைச் செய்யிறது காசு எறியிற வேலை. அங்க பம்பே போதும். எவ்வளவுக்கு மண் தண்ணியை விட மறுக்குதோ அவ்வளவுக்கு இந்த முறைக்கு மதிப்பு.

பெயரைப் பார்த்து ஏமாறாதையுங்கோ. பள்ளிக்கூடத்தில் படிச்ச ஒஸ்மோசிஸ் மாதிரி இங்க சவ்வு ஒன்றும் இல்லை. கண்டுபிடிச்சது ஃபெர்டினாண்ட் ரொய்ஸ் என்ற விஞ்ஞானி, மொஸ்கோவில். 1809இல் வெளியிட்டார். மின்குமிழ் வர எத்தினையோ வருசத்துக்கு முன்னம், வோல்ட்டாவின் மின்கலம் வந்து பத்து வருசத்துக்குள்ள. ஈரக் களிமண்ணுக்குள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் குத்தி, தண்ணி விட்டு, கரண்ட் குடுத்தார். எதிர்முனைக் குழாயில் தண்ணி ஏறினது. நேர்முனைக் குழாயில் தண்ணி இறங்கி, களித் துணிக்கைகள் வந்து கலங்கினது. அதுக்கான கணக்கை 1879இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதினார்.

இறைக்கிறது இல்லை, உறிஞ்சுறது

இதுவரைக்கும் வாசிச்சால், "சரி, தண்ணியை வெளிய எடுத்தால் மண் காயும், காய்ஞ்சால் இறுகும்" என்று நினைப்பீங்கள். பாதி சரி. உண்மையான வேலை கொஞ்சம் நுட்பமானது.

எதிர்முனையில் ஒரு குழாய் வைச்சு வருகிற தண்ணியை வெளிய எடுக்கிறம். நேர்முனைப் பக்கத்தில் புதுத் தண்ணி உள்ள வர விடாமல் அடைச்சு வைக்கிறம். மின்சாரம் தண்ணியை அங்கிருந்து தள்ளிக்கொண்டே இருக்கு, நிரப்ப ஒன்றும் இல்லை. அப்ப நேர்முனையைச் சுத்தி இருக்கிற தண்ணியில் அழுத்தம் விழுந்து, சுழியத்துக்குக் கீழ போகுது. உறிஞ்சல் வருது. அந்த உறிஞ்சல் துணிக்கைகளை ஒன்றோட ஒன்று இறுக்கிப் பிடிக்குது.

மண்ணின் பலம் அதில் எவ்வளவு தண்ணி இருக்கு என்கிறதில் நேரடியாகத் தங்கியிருக்கிறதில்லை. துணிக்கைகள் எவ்வளவு இறுக்கமாக ஒன்றை ஒன்று அழுத்துது என்கிறதில்தான் தங்கியிருக்கு. இது கார்ல் டெர்சாகி 1920களில் நிலைநாட்டின விசயம், மண் பொறியியலின் அத்திவாரமே இதுதான். பொதுவா இந்த அழுத்தத்தைக் கொண்டுவர, மேலே மண் மேடு ஒன்றைக் குவிச்சு மாதக்கணக்கா விடுவார்கள். ஆனால் கீழ இருக்கிற களி ஏற்கனவே விளிம்பில் நிற்குது என்றால், அதுக்கு மேலே மேடு குவிக்கிறது தற்கொலை. எலெக்ட்ரோ-ஒஸ்மோசிஸ் பாரம் ஏத்தாமல், உள்ளுக்குள்ள இருந்தே அதே இறுக்கத்தைக் குடுக்குது. இந்த முறையின் உயிரே இதுதான் என்று நான் நினைக்கிறன். தண்ணி வெளிய வாறது கண்ணுக்குத் தெரியிறபடியால் எல்லாரும் அதைத்தான் படம் எடுப்பார்கள்.

ஓஸில் நடந்தது

நோர்வேயில் இருக்கிற ஆக்களுக்கு ஓஸ் தெரியும். ஒஸ்லோவுக்குத் தெற்கே, விவசாயப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். 1960களில் அங்க கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு நிலம் வெட்ட வேண்டி வந்தது. கீழ இருந்தது க்விக்லைரே. நோர்வே புவிப்பொறியியல் நிறுவனத்தின் முதல் இயக்குனர் லவுரிட்ஸ் பியெரூமும் அவரோட வேலை செய்தவர்களும் இங்கதான் இந்த முறையைப் போட்டுப் பார்த்தார்கள். 1967இல் அதை வெளியிட்டார்கள். இன்றைக்கும் இந்தத் துறையில் கட்டுரை எழுதுகிற ஆக்கள் அதைச் சொல்லாமல் விடுறது குறைவு.

க்விக்லைரே என்றால் என்ன? பனியுகத்தின் முடிவில் பனிப்பாறைகள் அரைச்ச மாவு கடலுக்குள்ள படிஞ்சது. உப்புத் தண்ணியில் படிஞ்ச துணிக்கைகள் சீட்டுக்கட்டு வீடு மாதிரி, தாறுமாறா, இடைவெளி விட்டு ஒட்டிக்கொண்டன. பிறகு பனியின் பாரம் போக, நிலம் உயர்ந்து கடலுக்கு மேலே வந்தது. ஆயிரக்கணக்கான வருசமா நல்ல தண்ணி ஊறி உப்பைக் கழுவிக்கொண்டு போனது. சீட்டுக்கட்டு வீடு அப்பிடியே நிற்குது, ஒட்டவைச்ச பசை மட்டும் போயிட்டுது. தொடாத வரைக்கும் நிற்கும். ஒரு இடத்தில் குலைஞ்சால் தொடர்ந்து குலைஞ்சு, கெட்டி மண் நிமிசத்தில் மோர் மாதிரி ஓடும். 1978இல் ரிஸ்ஸாவில் நடந்த சரிவை ஒராள் சின்னக் கமெராவில் படம் பிடிச்சு வைச்சிருக்கிறார், யூடியூபில் இருக்கு. ஒரு விவசாயி களஞ்சியம் பெருப்பிக்க வெட்டின மண்ணை ஏரிக்கரையில் கொட்டினதுதான் தொடக்கம். வீடுகள் கப்பல் மாதிரி மிதந்து போகிறதைப் பாருங்கோ.

ஓஸில் செய்தது இதுதான்: கட்டிடத்துக்குப் போடுற 19 மில்லிமீட்டர் கம்பிகளை, சுமார் 10 மீட்டர் ஆழத்துக்கு, வரிசை வரிசையா இறக்கினார்கள். ஒரு வரிசை நேர்முனை, அடுத்தது எதிர்முனை, வரிசைகளுக்கு இடையில் 2 மீட்டர். சுமார் 120 நாள் கரண்ட் ஓடினது. நிலத்தின் மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினது. 10 கிலோபாஸ்கலுக்கும் குறைவா இருந்த வெட்டுப்பலம், சராசரியா 40க்கு வந்தது. 10 கிலோபாஸ்கல் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு தொன். விரலால் அமத்தினால் உள்ள போகிற மண், வெட்டி வேலை செய்யக்கூடிய மண்ணா மாறிட்டுது.

செலவான மின்சாரம் கன மீட்டருக்கு சுமார் 17 கிலோவாட் மணி. உங்கட மின்காரில் 68 கிலோவாட் மணி பற்றரி இருந்தால், ஒரு சார்ஜில் 4 கன மீட்டர் களி. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் என்று ஒரு வீட்டு நிலத்தை எடுத்தால் 17,000 கிலோவாட் மணி. ஒரு நோர்வேக் குடும்பம் ஒரு வருசத்துக்குப் பாவிக்கிற மின்சாரத்துக்குக் கிட்டத்தட்டச் சமன். நான் இதைவிடக் கூட வரும் என்று நினைச்சிருந்தன்.

இது ஏன் ஓஸில் இவ்வளவு நல்லா வேலை செய்தது? உப்பு இல்லாதபடியால். மண்ணுக்குள்ள உப்புத் தண்ணி இருந்தால், கரண்ட் சுலபமான வழியால் ஓடிடும். அயன்கள் இரண்டு பக்கமும் ஓடும், தண்ணி பெரிசா நகராது, பில் மட்டும் ஏறும். அதோட, துணிக்கையை மொய்ச்சு நிற்கிற அயன் படையும் உப்பில் மெலிஞ்சு போகும். க்விக்லைரேயில் இயற்கையே உப்பைக் கழுவி வைச்சிருக்கு. எந்தக் காரணம் அந்த மண்ணை இவ்வளவு ஆபத்தாக்கினதோ, அதே காரணம்தான் அதை மின்சாரத்துக்குப் பணிய வைக்குது.

காசாக்ராண்டே, நீர்மூழ்கி, பீசா

இதை முதல் முதல் கட்டுமானத்துக்குக் கொண்டுவந்தவர் லியோ காசாக்ராண்டே. மண் பொறியியல் படிச்ச ஆக்களுக்கு ஆர்தர் காசாக்ராண்டே தெரியும், ஹார்வார்டில் இருந்தவர். லியோ அவரின் சகோதரர், ஜேர்மனியில் வேலை செய்தவர். 1939இல் சால்ஸ்கிட்டரில் ஒரு ரெயில் பாதைக்கு வெட்டின பள்ளத்தின் சரிவுகள் நிற்காமல் வழிய, இந்த முறையால் நிற்பாட்டினார். அங்க பம்பால் சாதிக்க முடியாமல் போனது ஏன் என்று யோசிச்சால், தண்ணி ஓடுகிற திசையும் முக்கியம் என்று விளங்கும்: சரிவின் முகத்தைப் பார்த்து ஓடுற தண்ணி மண்ணைத் தள்ளி விழுத்தும், உள்நோக்கி ஓடுற தண்ணி அதை இழுத்துப் பிடிக்கும். கரண்ட் குடுத்த உடனே, மண் காயத் தொடங்க முன்னமே, சரிவு உறுதியாகிறதுக்கு இதுதான் காரணம்.

பிறகு போர். ட்ரொண்ட்ஹெய்மில் ஜேர்மன் கடற்படைக்கு நீர்மூழ்கிக் கப்பல் பங்கர்கள் கட்டினபோது, தோண்டின குழிகள் இடியாமல் இருக்கவும் இதே முறையைப் பாவிச்சார்கள். கட்டினதில் போர்க்கைதிகளின் கட்டாய உழைப்பு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும். அந்த டோரா கட்டிடம் இன்னும் நிற்குது, இப்ப உள்ளுக்கு ஆவணக் காப்பகம். 1960களில் அமெரிக்காவில், ஓகையோவில் வெஸ்ட் பிராஞ்ச் அணை கட்டிக்கொண்டு இருக்கும்போதே அடிக்களி பக்கவாட்டில் பிதுங்கத் தொடங்க, இராணுவப் பொறியியல் படை கம்பிகளை இறக்கி அதை நிற்பாட்டினது. கவனிச்சீங்களா, எல்லாக் கதையும் ஒரே மாதிரி: வேற வழி எல்லாம் அடைபட்ட பிறகுதான் இதைத் தேடி வருகிறார்கள்.

தோல்வியும் இருக்கு. 1990இல் மூடின பீசா கோபுரத்தை நிமிர்த்த என்ன செய்யலாம் என்று நிபுணர் குழு யோசிச்சபோது, வடக்குப் பக்கக் களியை எலெக்ட்ரோ-ஒஸ்மோசிஸால் இறக்குறதும் பட்டியலில் இருந்தது. சோதனை முடிவுகள் நம்பிக்கை தரவில்லை. கடைசியில் சரிஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா மண்ணைத் துளைச்சு எடுத்து, அரைப் பாகை அளவு நிமிர்த்தினார்கள்.

அப்ப ஏன் எல்லா இடமும் செய்யிறதில்லை?

முதல் பிரச்சினை நேர்முனை. நிலத்துக்குள்ள கரண்ட் ஓடுறது என்றால் மின்பகுப்பு நடக்கும். நேர்முனையில் அமிலம், எதிர்முனையில் காரம், கூடவே ஐதரசன் வாயு. இரும்புக் கம்பி நேர்முனையாக இருந்தால் அது கரையும். எவ்வளவு? ஒரு அம்பியர், ஒரு வருசம், 9 கிலோ இரும்பு. ஓஸ் மாதிரி 19 மில்லிமீட்டர், 10 மீட்டர் கம்பி மொத்தமே 22 கிலோதான். கரைஞ்ச இரும்பு மண்ணுக்குள்ள போய் துணிக்கைகளைச் சீமெந்து மாதிரி ஒட்டவும் செய்யும், அது நல்லது. ஆனால் கம்பி போனால் கரண்டும் போச்சு. பக்கத்தில் தண்ணிக் குழாயோ வேற உலோகமோ புதைஞ்சிருந்தால், கரண்ட் அதுக்குள்ளாலயும் ஓடி, அதையும் அரிக்கும். ஊருக்கு நடுவில் இதைச் செய்ய விடுறதுக்கு மாநகரசபை யோசிக்கிறது நியாயம்தான்.

இரண்டாவது, காய்ச்சல். மண்ணுக்கு வாற காய்ச்சல். நாங்கள் தண்ணியை நேர்முனையில் இருந்து துரத்துறம். முதல் அது நல்லது. பிறகு அங்க காற்று உள்ளிடும், மண் சுருங்கி வெடிக்கும், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் இடைவெளி விழும். தண்ணி நிறைஞ்ச மண்ணில் கரண்டுக்குத் தொடர்ந்த பாதை இருக்கு. காற்றுக் குமிழிகள் கலந்த மண்ணில் தண்ணி துண்டு துண்டா, துணிக்கைகள் தொடுற மூலைகளில் மட்டும் நிற்கும். பாதை சுத்தி வளைஞ்சு போக வேண்டி வரும், தடை ஏறும், தண்ணி நகர்கிற வேகம் விழும். குடுக்கிற வோல்ட்டின் பெரும்பகுதி அந்தக் காய்ஞ்ச தோலிலேயே சூடாகிப் போய், உள்ளுக்கு இருக்கிற ஈரக் களிக்கு ஒன்றும் போய்ச் சேராது. கணக்கின்படி ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 5 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான உறிஞ்சல் வர வேணும். நடைமுறையில் அதில் சின்னப் பங்குகூட வராததுக்கு இது ஒரு முக்கிய காரணம். முனைகளை மாத்திப் போடுறது, கரண்டை விட்டு விட்டுக் குடுக்கிறது, நேர்முனையில் உப்புக்கரைசல் விடுறது என்று பல வைத்தியம் பார்க்கிறார்கள்.

ஏற்கனவே காற்றுக் கலந்து இருக்கிற மண்ணிலும் இது முழுக்க ஏலாது என்று இல்லை. 1990களில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம், நியூ மெக்சிகோ பாலைவன மண்ணில் குரோமேற் நஞ்சை மின்சாரத்தால் இழுத்து எடுத்துப் பார்த்தது. நுண்துளைப் பீங்கான் உறைக்குள்ள மின்முனையை வைச்சு, சுத்தியிருக்கிற மண்ணின் ஈரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். பலப்படுத்துறது இல்லை, சுத்தப்படுத்துறது. ஆனால் பௌதிகம் ஒன்றுதான்.

கரையாத மின்முனைக்கு ஒரு வழி இங்கிலாந்தில் இருந்து வந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கொலின் ஜோன்ஸ் குழு, கரண்ட் கடத்துற பிளாஸ்ரிக்கால் துணி மாதிரி, வலை மாதிரி மின்முனை செய்தது. மின்முனையும் அதுவே, வடிகாலும் அதுவே. ஆசியாவில் பாங்கொக்கின் மென்களிக்கு, நிலத்துக்குள்ள இறக்குற நாடா வடிகால்களோட மின்முனையைச் சேர்த்து ஆசிய தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வு செய்தார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒராள், இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஏ. எஸ். பாலசுப்பிரமணியம். மென்களி பற்றி வாசிக்கப் போனால் அவரின் பெயரை அடிக்கடி சந்திப்பீங்கள்.

ஆனால் இன்றைக்கு நோர்வேயில் க்விக்லைரேக்கு மேல வீதி போட வேணும் என்றால், பெரும்பாலும் சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்து தூண் தூணா மண்ணுக்குள்ள கிண்டி விடுவார்கள். நாலு மாதம் காத்திருக்கத் தேவையில்லை, பலமும் கூட, செய்து பழகின கொம்பனிகளும் இருக்கு. பிரச்சினை அதின் காபன் கணக்கு: சீமெந்தும் சுண்ணாம்பும் சுடுற சூளையில் இருந்துதான் வருது. நீர்மின்சாரத்தில் ஓடுற நாட்டில், அவசரமில்லாத, சின்ன இடங்களுக்காவது மின்சாரத்தைத் திரும்ப யோசிக்கலாம் என்பது என் எண்ணம். இன்னொரு பக்கத்தால், கழுவுப்பட்ட உப்பைத் திருப்பிக் குடுக்கிற யோசனையும் இருக்கு. ட்ரொண்ட்ஹெய்மில் கிணறுகளில் பொட்டாசியம் குளோரைட்டை இட்டு, அது களிக்குள்ள பரவ விட்டு, ஆய்வு நடந்தது.

கேள்வி கேட்டவருக்கு நேரடியா: இது யேர்ட்ருமைக் காப்பாத்தியிருக்குமா? நான் நினைக்கேல்லை. அங்க ஓடினது ஒரு வீட்டு நிலம் இல்லை, ஒரு பள்ளத்தாக்குச் சரிவு. அரசாங்கம் நியமிச்ச குழு 2021இல் சொன்ன காரணம், திஸ்தில்பெக்கன் என்ற ஓடை சரிவின் அடியை வருசக்கணக்கா அரிச்சது. அதுக்குத் தேவைப்பட்டது ஓடைக்கரைக்குக் கல் அடுக்குறது. கம்பியும் கரண்டும் இல்லை.

நோர்வேயில் வீடு வாங்க யோசிக்கிற ஆக்கள், விலை பேச முன்னம் நீர்வள, மின்சக்தி இயக்குனரகமான என்விஇயின் க்விக்லைரே வரைபடத்தைத் திறந்து முகவரியைப் போட்டுப் பாருங்கோ. இலவசம்தான். ஒஸ்லோப் பக்கத்தில் பழைய கடல்மட்டம் இன்றையதைவிட 220 மீட்டர் அளவு உயரத்தில் இருந்தது, அதனால "நாங்கள் மலையில்தானே இருக்கிறம்" என்று விடாதையுங்கோ. வரைபடத்தில் நிறம் இருந்தால் பயப்பிடத் தேவையில்லை, ஆனால் அந்த இடத்தில் மண் ஆய்வு செய்த அறிக்கை இருக்கா என்று கேளுங்கோ. பக்கத்தில் ஓடை இருந்தால் அதின் கரையைப் போய் உங்கட கண்ணால பாருங்கோ.

அடுத்த கிழமை, இதே எலெக்ட்ரோ-ஒஸ்மோசிஸ் ஒரு தலைமுடி அகலக் குழாய்க்குள்ள பம்பா வேலை செய்யிற கதை: இரத்தப் பரிசோதனைச் சிப்புகள்.